சாம்பிராணிக் கூடை

கேட்காமல் இருந்துவிட்டால் போதும். இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும். வரட்டும், கைகால் கழுவட்டும், எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து விசிறட்டும். கரி கனிந்திருக்கிறதா என்று எப்போதும்போலக் குனிந்து ஊதிப் பார்க்கட்டும். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம்.

ஜெகதீஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சமையல் மேடையில் வைத்த சின்னக் கல்லுரலில் சாம்பிராணிக் கட்டியை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பழுப்புக் கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக, உரித்த பாதாம் பருப்பைப் பதித்து வைத்தது போல இருந்தது. ரொம்பத் தூளாக்கிவிடக் கூடாது. தூளானால் கரியில் பட்டதும் பொசுங்கி, புகையெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். மிளகளவுக்கு உடைந்தால் முதலில் உருகும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் நிதானமாகப் புகையும்.

டத்தோ கிராமாட் சாலையின் சத்தம் அத்தனை மாடி ஏறி வருவதற்குள் களைத்துப்போய், கடலின் சத்தம் போல ஆகியிருந்தது. உண்மையான கடல் கட்டடங்களுக்கு அப்பால் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அதில் சத்தமே இல்லை. அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவிலிருந்து அவர் கிளம்பியிருப்பார். கரையிலிருந்து இந்தத் தீவுக்கு வரும் பாலத்தில் இருப்பார்.

அவள் கணவர் திருநாவுக்கரசு அங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஊரடங்கு போட்ட காலத்தில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் அவருக்கும் வந்தது. எல்லாம் சரியாயிற்று, மூக்கு மட்டும் சரியாகவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கூந்தலுக்குப் புகை காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"எப்படி இருக்கு வாசம்? சொல்லு, ஜெகா."

*

ஆண்பிள்ளை மனைவியின் தலைக்குப் புகை காட்டுவதா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. அது ஏற்பட்டதே ஆள் இல்லாத குறையால்தான். இப்போது வெளியூரில் படிக்கும் மகன் கிஷன் பிறந்தபோது அவளுக்குத் தாய் இல்லை; அக்கா தூரத்தில் இருந்தாள். மாமியார் சுங்கை பாக்காப்பில் முழங்கால் வலியோடு படுத்திருந்தார். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்று தொலைபேசியில் எல்லோரும் சொன்னார்கள். வந்து காட்ட ஒருவரும் இல்லை. அடுத்த வீட்டு ருக்கையா அப்போது நிறைமாதம், குனிய முடியாது. தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே உத்தரவு போட்டாள்.

"அண்ணே, கூடையக் கவுத்துப் போடுங்க. நெருப்பு உள்ள, முடி மேல. மாத்திப் போட்டுறாதீங்க லா, அப்புறம் மொட்டத் தலையோடதான் புள்ளய வளப்பா."

முதல் நாள் கூடை தீய்ந்தது. பிரம்புக் கூடையின் உள்பக்கம் ஒரு கருப்பு வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. மறுநாள் கற்றுக்கொண்டார். குழந்தையை உள்ளங்கையில் ஏந்தி, புகையைக் கையால் அள்ளி அதன் உச்சியில் தடவினார். பிரசவத் தீட்டெல்லாம் கழிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் விசிறியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேசாத மனிதர்.

மணையில் உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, கவிழ்த்த கூடைமேல் கூந்தலை விரித்துவிட்டால் அவளைச் சுற்றி ஒரு திரை விழும். கண் எரியும், மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் இருட்டு. இருட்டுக்குள் அந்த வாசம். சின்ன வயதில் ஒற்றை அறையில் அத்தனை பேர் படுத்த வீட்டில் அக்கா அவளுக்குப் புகை காட்டும்போதுதான் அவள் முதன்முதலாகத் தனியாக இருந்தாள். யாரும் கூப்பிடாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஓர் இடம் தன் முடிக்குக் கீழேயே இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயும் யாராவது வந்துவிடுவார்கள்.

அவர் அங்கே வந்ததில்லை. வெளியே உட்கார்ந்து விசிறுவார். அறைக்குள் நுழையாமல் அதன் வாசலைக் காத்துக்கொண்டிருப்பவர் போல. அவரை அவள் அதற்காகவே நேசித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

*

மூக்கு போனபின் மருத்துவர் சின்னச் சின்னப் பாட்டில்களில் எலுமிச்சையும் கிராம்பும் ரோஜாவும் கொடுத்து, தினமும் மோந்து பழகச் சொன்னார். பள்ளிப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அவர் காலையும் மாலையும் மோந்தார். பிறகு பாட்டில்கள் அலமாரியின் பின்வரிசைக்குப் போயின. சாப்பாட்டை எண்ணெயும் உப்பும் உறைப்புமாக மட்டும் விழுங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை விசிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"பொகை தெரியுது. வாசம் இருக்கா?"

"இருக்கு."

"எப்படி?"

அவள் திரைக்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். உனக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று அவளை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"சக்கரைய லேசா கருக வுட்ட மாதிரி. அதுக்குப் பின்னாடி கொஞ்சம் மெளகு. அப்புறம் பழைய பீரோவத் தொறந்தா வருமே, அந்த மரம்."

அவர் தண்ணீர் குடிப்பது போலத் தலையை அசைத்துக் கேட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டில் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார்.

அப்படியே அது வழக்கமாயிற்று. கொஞ்ச காலம் அவளுக்கு அது ஒரு புதுக் கல்யாணம் மாதிரி இருந்தது. கெலுகோரில் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, இந்த வாரம் எப்படிச் சொல்லலாம் என்று சொற்கள் தாமாக வந்து நிற்கும்.

பிறகு ஒரு நாள் அவரே சாம்பிராணி வாங்கி வந்தார். முன்பெல்லாம் லெபோ பாசார் கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை முன்னால் நின்று, ஒரு துணுக்கை விரலால் நசுக்கி மோந்து பார்த்துத்தான் வாங்குவார். இப்போது கண்ணை நம்பினார். அழுக்குப் பழுப்பாகக் கிடந்த கட்டிகளை ஒதுக்கிவிட்டு, பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்ததைக் காட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கடைக்காரருக்கு என்ன, கேட்டதைக் கொடுத்தார். அது குங்கிலியம். நெருப்பில் போட்டதும் புகை மொத்தையாக எழுந்தது. படகுத்துறைப் பக்கம் படகுப் பலகை இடுக்குகளை அடைக்கும்போது வருமே, எலுமிச்சைத் தோலும் தாரும் கலந்தது போல ஒன்று, அது வீடெல்லாம் பரவியது.

"இந்த வாட்டி நல்ல உருப்படி," என்றார் அவர். "பாத்தாலே தெரியுது. எப்படி இருக்கு, சொல்லு."

அவருடைய குரலில் இருந்த பெருமையை அவளால் உடைக்க முடியவில்லை. படகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சர்க்கரையைச் சொன்னாள், மிளகைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று விளங்கியது. எதிரே என்ன எரிந்தாலும் ஒன்றுதான். அவர் மோப்பது அவள் சொல்வதைத்தான்.

அதன் பிறகு சர்க்கரைக்கும் மிளகுக்கும் அவள் திரும்பவில்லை. அடுத்த முறை அவளே போய் வாங்கினாள், சாம்பிராணி திரும்ப வந்தது. அவள் சொன்னது வேறெங்கோ போனது.

"மழ நின்னிருக்கு. நாம ஃபெரில போறோம். மேல்தட்டுல மரப் பெஞ்சு நனைஞ்சு கெடக்கு. யாரோ ஒரு அம்மா மடியில மல்லிப்பூவ வெச்சுக்கிட்டு அதுல உக்காந்திருந்து, இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க. அந்தப் பெஞ்சு வாசம்."

இன்னொரு வாரம், "யாருமே குடியில்லாத வீடு. சன்னலெல்லாம் சாத்தியிருக்கு. ஆனா சமையக்கட்டுல பால் கொதிக்குது."

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியும். அந்தத் திரைக்குக் கீழே, சின்ன வயதிலிருந்து யாருக்கும் காட்டாமல் சேர்த்து வைத்தவை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தொழிற்சாலைக்கும் எடுத்துப் போனார்.

"முனுசாமிகிட்ட அந்தப் பால் வூட்டச் சொன்னேன்," என்று ஒரு நாள் வந்து சிரித்தார். "எங்க வூட்டுச் சாம்பிராணி வெறும் சாம்பிராணி வாசந்தான் அடிக்குது, நீங்க எந்தக் கடைல வாங்குறீங்கன்னு கேக்குறான்."

அவளும் சிரித்தாள். அன்றைக்குத்தான் கைப்பையில் எதையோ தொலைத்துவிட்டு எது என்று தெரியாமல் தேடுவது போல ஒரு சின்னக் கலக்கம் வந்தது.

*

போன வாரம் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

வேலை முடிந்து லெபோ பாசாரில் நடந்துகொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். நகைக்கடை ஆள் ஒருவர் தூபக்காலைக் கையில் ஏந்தி, கடைக்குள் ஒவ்வொரு மூலைக்கும் காட்டிவிட்டு வாசலுக்கு வந்தார். புகை அவள்மீது முழுதாகக் கவிழ்ந்தது. நின்றாள். மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. வாக்கியங்கள் வந்தன. நனைந்த பெஞ்சு வந்தது, பால் வீடு வந்தது, போன மாதம் சொன்ன உப்பளம் வந்தது. வரிசையாக வந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வாசலை அடைத்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் எங்கோ வாசம் இருந்திருக்க வேண்டும். அவளால் எட்ட முடியவில்லை.

பயந்துபோய், எதிர்ப்பக்கம் பூக்கடையில் மல்லிகையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். மல்லிகை மணந்தது. காப்பிக் கடை மணந்தது, சாக்கடைகூட மணந்தது. மூக்கில் கோளாறு இல்லை. அவளிடமிருந்து போனது அது ஒன்றுதான். கூந்தலுக்குக் கீழே இருந்த அந்த அறையை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசியே காலி செய்திருக்கிறாள்.

இதை எப்படி ஒருவரிடம் சொல்வது? லிஃப்டில் ருக்கையாவைப் பார்த்தபோது பாதியைச் சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லச் சொல்லிக் கேக்குறாரா?" ருக்கையா காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். "எங்க வூட்டு மனுசன் கல்யாணம் ஆன நாள்லேருந்து உப்பு கம்மின்னதத் தவிர எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நீ என்னடான்னா கேக்குறாரு கேக்குறாருன்னு அழுவுற."

"அழல, அக்கா."

"நாங்க வியாழக்கெழம மஃரிபு தொழுக நேரத்துல சாம்பிராணி போடுறோம், நீங்க வெள்ளிக்கெழம போடுறீங்க. ரெண்டு நாளும் இந்த லிஃப்டுக்குத்தான் புண்ணியம்." கதவு திறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்தாள். "புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு இந்த மூஞ்சி?"

சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் வாரம் முழுக்க எண்ணெயும் உப்புமாக வாழ்கிற மனிதருக்கு இருப்பது அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதானே. அதை எடுத்துவிட்டு எதைக் கொடுப்பாள்?

*

கதவுப் பூட்டு திரும்பியது. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. எப்போதும் நேராகக் குளியலறைக்குப் போகிறவர் இன்னும் வாசலிலேயே நின்றார்.

"ருக்கையா வூட்டுல பெலாச்சான் வறுக்குறாங்களா?"

"ஆமா, மதியத்துலேருந்து ஒரே எறா வாடை..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் கையில் இடுக்கி அப்படியே நின்றது. அதில் பிடித்திருந்த கரி கனன்றுகொண்டிருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் ஒரு மாதிரிக் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தாள், சிரித்தார்.

"ரெண்டு மூணு வாரமா அப்பப்ப வருது. பாலத்துல லாரிப் பொகை. கேன்டீன்ல காப்பி. நெசமா, நானா நெனச்சுக்குறேனான்னு தெரியல. அதான் ஒங்கிட்ட சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுல மொத மொத சாம்பிராணியத்தான் மோக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன். இந்தப் பெலாச்சான் முந்திக்கிச்சு."

அவளும் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே உடம்பு முழுக்க ஒரு பாரம் இறங்கியது. இனிமேல் கேட்க மாட்டார். வேண்டியதை அவரே மோந்துகொள்வார். மனதுக்குள் மட்டும் கேட்டதை யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

தூபக்காலில் கரியை வைத்தாள். அவர் அவசர அவசரமாகக் கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். குனிந்து ஊதினார். உடைத்த துணுக்குகளை விரல் நுனியால் எடுத்து நெருப்பில் இட்டார். அவை உருகின, யோசித்தன. கூடையைக் கவிழ்த்தார். அவள் துண்டை அவிழ்த்து, குனிந்து, ஈரக் கூந்தலைக் கூடைமேல் விரித்தாள். திரை விழுந்தது.

விசிறி அசையத் தொடங்கியது. பிரம்பு இடுக்குகளில் புகை ஏறி, முடியில் சிக்கி, நின்று, பிரிந்து போனது. வெளியே அவர் நீளமாக மூச்சை இழுப்பது கேட்டது. விட்டார். மறுபடி இழுத்தார். அந்த மனிதரின் சந்தோஷத்துக்காக அவள் காத்திருந்தாள்.

"இதா?" என்றார்.

அவள் முடியை இன்னும் கொஞ்சம் பரப்பிவிட்டாள்.

"இது... நல்லாத்தான் இருக்கு. சாம்பிராணிதான். ஞாபகம் இருக்கு." விசிறி மெதுவாயிற்று. "ஆனா நீ சொன்னது இது இல்லியே, ஜெகா."

"இதான் சாம்பிராணி," என்றாள் திரைக்குள்ளிருந்து.

"அப்ப அந்தப் பெஞ்சு எங்க? பால் கொதிக்குற வூடு எங்க? நானும் இழுத்து இழுத்துப் பாக்குறேன், உள்ள ஒண்ணும் காணோம். வெறும் பொகை வாசம். முனுசாமி வூட்டுது மாதிரி." சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவனுக்குத் தன் வீடு இருந்த இடத்தை வேறு யாரோ காட்டுவது போல இருந்தது அவர் குரல். "அத்தன வருசம் மூக்கு இல்லாம இருந்தப்ப இருந்துச்சே."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. அப்போதுதான் அது நடந்தது.

கண்ணை மூடிய இருட்டில், எந்த அறிவிப்பும் இல்லாமல், வாசம் வந்தது. அதோடு ஒரு சொல்கூட வரவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் விளக்குப் போடாமல் அறைக்குள் வருகிறவர்களைப் போல அது வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. எத்தனை காலம். அக்காவின் கை இல்லை, ஒற்றை அறை இல்லை, ஞாபகம் என்று எதுவுமே அதில் இல்லை. அது மட்டும் இருந்தது. அவளும் இருந்தாள்.

"ஒண்ணு செய்வோம்," என்றார் அவர். பாயில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்வது கேட்டது. "நான் பழைய மாதிரி கண்ண மூடிக்குறேன். நீ சொல்லு. நீ சொன்னா அது வந்துரும்."

சொல்லலாம். இருட்டின் ஓரத்தில் ஒரு வாக்கியம் இப்போதே வந்து காத்து நின்றது; இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட நல்ல வாக்கியம். நாக்கில் எடுத்து வைத்தால் போதும். அவர் முகம் மலரும், தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும், திங்கட்கிழமை அது பாலத்தைத் தாண்டி முனுசாமியிடம் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எழுந்து போய்விடும். இந்த முறை போனால் திரும்பி வராது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அந்த வாக்கியத்தை அவள் தொடவில்லை. அது சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு விலகியது.

"இன்னைக்கி வேணாங்க," என்றாள்.

"ஏன், தல வலிக்குதா?"

"இல்ல."

"ஒரே ஒரு வார்த்த சொல்லு. போதும்."

கரியில் ஒரு துணுக்கு உருகிச் சின்னதாக வெடித்தது. விசிறி நின்றிருந்தது. முடியின் ஈரத்தில் புகை அசையாமல் தங்கியிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் கூந்தலுக்கு வெளியே நீட்டி, விசிறி பிடித்த அவர் மணிக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்து, மெதுவாக ஒரு தரம் அழுத்தினாள்.

"மாட்டேங்க," என்றாள். "நீங்க விசிறுங்க."